தலைக்கு மேலே போன குரல்: பாக் நீரிணைக் கரையில் வானொலி

1. களம்

எல்லை என்றதும் முள்வேலியும் காவல் கோபுரமும் நினைவுக்கு வருகின்றன. ராமநாதபுரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் எல்லை தண்ணீருக்குள் இருக்கிறது. 1974 ஜூனிலும் 1976 மார்ச்சிலும் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாடுகள் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் அந்தக் கோட்டை வரைந்தன. வரைபடத்தில் அது தெளிவாகத் தெரியும்; அலைமேல் தெரியாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம். அந்தப் பக்கம் தலைமன்னார், நெடுந்தீவு, யாழ்ப்பாணம். இரு கரையிலும் பேச்சு தமிழ், தொழில் மீன்பிடி. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு கரை மக்களும் ஒரே கோயிலில் கூடுகிறார்கள்.

இந்தக் கரையில் வானொலி எப்படிக் கேட்டது, யார் யாருக்காகப் பேசினார்கள் என்பதே இங்கே ஆராயப்படும் பொருள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கரைக்கு வானொலிப் பஞ்சம் இருந்ததே இல்லை. ஆனால் நெடுங்காலம் இங்கே கேட்ட குரல்களில் பெரும்பாலானவை வேறு யாரையோ பார்த்துப் பேசியவை. கரைமக்கள் அவற்றை ஒட்டுக்கேட்டார்கள். அவர்களைப் பார்த்தே பேசும் ஒரு நிலையம் பாம்பனுக்கு வர 2016 ஆகிவிட்டது. வந்த பிறகும், இந்தக் கரை அதிகம் கேட்கத் துடிக்கும் ஒன்றை மட்டும் அது சொல்லக் கூடாதென்று சட்டம் தடுக்கிறது.

2. உப்புநீரின் வேலை

வானொலியின் வரலாற்றை எழுதுபவர்கள் அமைச்சர்களையும் அறிவிப்பாளர்களையும் பற்றி எழுதுவார்கள். இந்தக் கரையைப் பொறுத்தவரை உப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மத்திய அலை நிலத்தை ஒட்டி ஊர்ந்து போகும். கீழே இருப்பது மின்சாரத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறதோ, அவ்வளவு தூரம் அது சோராமல் செல்லும். கடல்நீரின் கடத்துதிறன் மீட்டருக்கு ஏறத்தாழ 5 சீமென்ஸ். காய்ந்த நிலத்தின் கடத்துதிறன் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ராமநாதபுரத்துச் சீமையின் நிலம் எப்படிப்பட்டது என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடக்கிலிருந்து வரும் அலை வறண்ட கண்மாய்களையும் கருவேலங்காடுகளையும் தாண்டி மூச்சுவாங்கிக்கொண்டு வந்து சேரும். தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருவதற்கோ வழியின் பெரும்பகுதி கடல்.

தூரத்தையும் பார்த்துக்கொள்ளலாம். நேர்க்கோட்டில் ராமேஸ்வரத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். சென்னை 430 கிலோமீட்டருக்கும் மேல். 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம் இந்த இரண்டையும்விடப் பக்கத்தில்தான் இருந்தது. அதையும் கேட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஊசியைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், கடல் வழியாகக் கொழும்பு வந்துவிடும்.

பண்பலையின் கதை வேறு. அது ஊர்ந்து போகாது; ஏறத்தாழப் பார்வை எட்டும் தூரம் வரைதான் போகும். இடையில் மலையோ கட்டடமோ இல்லாத கடல்மேல் அந்தப் பார்வை நீளம். சில நாட்களில் கடலை ஒட்டிய குளிர்ந்த ஈரக்காற்றின்மேல் வெப்பக்காற்று ஒரு மூடிபோல் படுத்துக்கொள்ளும். அப்போது பண்பலை அந்த இடைவெளிக்குள் குழாய்க்குள் ஓடும் தண்ணீராக ஓடி, வழக்கமாக எட்டாத தூரத்தையும் எட்டிவிடும். சக்தி, சூரியன் போன்ற இலங்கைத் தமிழ்ப் பண்பலைகள் ராமேஸ்வரம் பக்கம் கேட்பதை இந்த அடிப்படையில்தான் புரிந்துகொள்ள வேண்டும். அவற்றை யாரும் இங்கே அனுப்பவில்லை. தடுக்க ஒன்றும் இல்லாததால் வருகின்றன.

3. கொழும்பு கேட்ட காலம்

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் முறையாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக அங்கே நிறுவப்பட்ட வலுவான சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. படைவீரர்களை மகிழ்விக்க வந்த இயந்திரம் பிறகு பற்பசைக்கும் சோப்புக்கும் விளம்பரம் செய்தது.

இந்தியத் தரப்பில் நடந்த ஒரு காரியம் அதற்குக் கை கொடுத்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை மட்டமானதென்று கருதினார். ஆல் இந்தியா ரேடியோவில் அதற்கு இடம் சுருங்கியது. நேயர்கள் முள்ளை இலங்கைக்குத் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் ஆல் இந்தியா ரேடியோவின் திரைப்பாடல் சேவையான விவித்பாரதி பிறந்ததற்கு நேயர்களை இப்படி இழந்ததே முக்கியக் காரணம். ஒரு நாட்டின் கலாச்சாரக் கொள்கை பக்கத்து நாட்டு வானொலிக்கு நேயர்களைத் திரட்டித் தந்தது என்பது ஆய்வாளர்களுக்குச் சுவையான செய்தி. கரைவாசிகளுக்கு அப்படியொன்றும் அதிசயமில்லை. அவர்களுக்கு எதிர்க்கரை எப்போதுமே பக்கத்து ஊர்தான்.

இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் பெயர்கள் தமிழ்நாட்டு வீடுகளில் சொந்தக்காரர் பெயர்களைப்போலப் புழங்கின. அதன் காலை நிகழ்ச்சியான 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டே பல் துலக்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்த அறிவிப்பாளர்களின் தமிழில் திருத்தமும் வேகமும் ஒருசேர இருந்தன. மேடைத் தமிழையும் வீட்டுத் தமிழையும் மட்டுமே அறிந்திருந்த காதுக்கு அது மூன்றாவது வகை.

ஆனாலும் அந்த ஒலிபரப்பின் குறி தென்னிந்தியச் சந்தை முழுவதும். சேலத்து நேயருக்கும் பாம்பன் நேயருக்கும் அது ஒரே குரலில் பேசியது. பாம்பனுக்கென்று அதில் இருந்தது, வாழ்த்து அட்டையில் எழுதி அனுப்பிய ஊர்ப் பெயரைப் படிக்கும் அந்த ஒரு நொடி. அந்த நொடிக்காகப் பல வாரம் காத்திருந்தவர்களை நான் கேலி செய்யமாட்டேன். தன் ஊரின் பெயர் காற்றில் வருவதென்பது சின்ன விஷயமில்லை.

4. கடல் தாண்டிப் பேசிய கோபுரங்கள்

தூத்துக்குடியில் ஆல் இந்தியா ரேடியோவின் 200 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பி, 1053 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில், இலங்கை நேயர்களை நோக்கிய வெளிநாட்டுச் சேவைக்காகப் பயன்பட்டது. மறுகரையில் புத்தளத்திலிருந்து ட்ரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ என்ற கிறிஸ்தவ அமைப்பு 400 கிலோவாட் வலுவில், 882 கிலோஹெர்ட்ஸில், இந்தியாவை நோக்கிப் பேசியது. இரண்டு கோபுரங்களும் கடற்கரையில் நின்றன. இரண்டின் முகமும் எதிர்க்கரைப் பக்கம். அண்டை வீட்டார் இருவர் தத்தம் வாசலில் நின்றுகொண்டு எதிர் வீட்டுப் பிள்ளைகளோடு மட்டும் பேசுவதைப் போன்ற ஏற்பாடு அது.

எல்லையோரத்தில் அரசுகள் வலுவான கோபுரங்களை நிறுவுவதற்குக் காரணம் எல்லையோர மக்களல்ல. இந்த உண்மை நம் ஒலிபரப்பு வரலாற்றில் போதுமான அளவு பேசப்படவில்லை என்று நினைக்கிறேன். கோபுரத்தின் நிழலில் இருப்பவருக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனால் அதில் அவருடைய மீன் விலை இருக்காது, அவருடைய கடல் இருக்காது.

இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் கேட்பதே ஒரு பாடாகியது. 1990களில் மின்சாரமும் பேட்டரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில் மிதிவண்டியை நிறுத்திவைத்து, மிதிகட்டையைச் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். ஒருவர் மிதிக்க, நாலு பேர் செய்தி கேட்பார்கள். பிபிசி தமிழோசைக்காக அப்படி மிதித்த கால்கள் ஏராளம்.

இந்தக் காலத்துக்குரிய இன்னொரு சிறு குழப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். 1996 மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளியது. அக்டோபரில் அரை மணி குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் மீண்டும் இந்திய நேரத்தோடு சேர்ந்தது. பத்தாண்டு காலம் இக்கரையில் இலங்கை வானொலியைத் திருப்பியவர்கள் தங்கள் கடிகாரத்துக்கு ஒத்துவராத நேர அறிவிப்பைக் கேட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு அந்தப் பத்தாண்டில் காதுக்குத் தெரிந்தது.

5. உள்ளூர் வானொலி என்ற எண்ணம்

இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் தொடங்கியது. அதுவும் இன்னோர் எல்லை மாவட்டம், மாநில எல்லை. ஆல் இந்தியா ரேடியோவின் குடும்பத்துக்குள்ளேயே மாவட்டத்தின் பேச்சுக்கு ஓர் அறை ஒதுக்கிய முயற்சி என்று அதைச் சொல்லலாம். நிலையம் உள்ளூரில் இருந்தது. சாவி டெல்லியில் இருந்தது.

சாவி கைமாற வழி திறந்தது 1995 பிப்ரவரியில். கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய வழக்கில், அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி நடத்த அனுமதி கிடைத்தது. 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் முதலாவதாக வந்தது. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. இந்த விஷயத்தில் நாம் அக்கரையைவிடப் பின்தங்கியவர்கள். இலங்கையில் 1980களின் தொடக்கத்திலேயே மகாவலி குடியேற்றப் பகுதிகளில் சமுதாய வானொலிப் பணி தொடங்கியிருந்தது; 1989இல் கொத்மலையில் நிலையமே வந்துவிட்டது. அங்கும் அது அரசு ஒலிபரப்பின் கைக்குள்தான் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உரிமம் வருவதற்கு முன்பே தேவை தன் வழியைத் தேடிக்கொண்டது. புதுச்சேரிக்கு அருகே வீராம்பட்டினத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் இறுதியில் அமைத்த தகவல் மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை இறக்கி, ஊரிலிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கோயில் திருவிழாவுக்குக் கட்டும் குழாய் கடல் நிலவரம் சொன்னது. உரிமம் கேட்காத, ஒரே தெரு கேட்கும் வானொலி அது.

6. பாம்பனின் 90.4

2016 ஆகஸ்ட் 15 அன்று பாம்பனில் 'கடல் ஓசை' 90.4 பண்பலை ஒலிக்கத் தொடங்கியது. மீனவச் சமூகத்திலிருந்து வந்தவர்கள் நடத்தும், மீனவர்களுக்கான சமுதாய வானொலி. காற்றின் வேகம், அலையின் உயரம், மீன் விலை, கடல்சார் பாடல்கள், பெண்களுக்கான நேரம் ஆகியவற்றோடு, கடலின் இயல்பையும் அதன் மாற்றங்களையும் பேசும் 'சமுத்திரம் பழகு' போன்ற நிகழ்ச்சிகளும் அதில் உண்டு. பட்டியலாகப் பார்த்தால் எந்த நிலையமும் செய்யக்கூடியவை. வித்தியாசம் சொல்லும் மொழியில் இருக்கிறது.

வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை "மன்னார் வளைகுடா பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக்காற்று" என்ற வார்ப்பில் வரும். பாம்பன்காரருக்கு மன்னார் வளைகுடா தென்கடல். பாக் நீரிணை வடகடல். ஒரு தீவின் இரு பக்கத்திலும் இரண்டு கடல். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கலங்கும், தென்கடல் ஓரளவு அடங்கியிருக்கும். தெற்கிலிருந்து சோழகம் எழும்பினால் நிலைமை தலைகீழ். நாட்டுப்படகுக்காரர் அதற்கேற்பப் படகை மாற்றிப் போடுவார். காற்றுக்கு அவரிடம் கிலோமீட்டர் கணக்கைவிடத் திசைப் பெயர்களே அதிகம் பயன்படும்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். "45 முதல் 55" என்பதை "இன்னிக்குத் தெற்கே தொழிலுக்குப் போறது சரியில்ல" என்று யாரோ ஒருவர் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து அப்படி மாற்ற முடியாது. மாற்றினாலும் தப்பாகத்தான் வரும்.

கூண்டு விஷயமும் இதே போன்றது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், 1 முதல் 11 வரையிலான எண்களில் எது ஏறியிருக்கிறது என்று கேட்டே இங்கே பெரியவர்கள் ஆபத்தை அளப்பார்கள். "மூணாம் நம்பர் ஏத்திட்டாங்க" என்ற ஒரு வாக்கியம் நீண்ட அறிக்கையைவிட வேகமாகப் பரவும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை ரயிலோடு கடல் கொண்டுபோன நினைவு இந்தத் தீவில் குடும்பக் கதை. எச்சரிக்கை என்ற சொல்லை இங்கே யாரும் இலேசாகக் கேட்பதில்லை.

நேரமும் ஒரு மொழிதான். நகரத்துப் பண்பலைக்குக் காலை அலுவலக நேரம் முக்கியம். இங்கோ நாள் கடலோடு புரளும். ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள். பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான் தண்ணீரில் இறங்குகிறார்கள். இந்த நாட்களைத் தெரியாமல் நிகழ்ச்சி நிரல் போட்டால், யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில் பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

7. செய்தி எது, தகவல் எது

சமுதாய வானொலி விதிகளின்படி, ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்புச் செய்யலாம். சொந்தமாகச் செய்தியும் நடப்பு விவகாரமும் ஒலிபரப்பக் கூடாது. வானிலை, போக்குவரத்து, தேர்வு, திருவிழா, குடிநீர் மின்சார அறிவிப்பு, இயற்கைப் பேரிடர், சுகாதார எச்சரிக்கை ஆகியவை செய்தியில் சேராது, தகவல். காகிதத்தில் இந்தப் பிரிவு ஒழுங்காக இருக்கிறது.

பாம்பன் கரையில் நின்று இதைப் படித்துப் பாருங்கள். நாளைக்குக் காற்று எழும்பும் என்பது தகவல். இரவு கடலில் இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துப் போனது செய்தி. முதலாவதைச் சொல்லலாம், இரண்டாவதைச் சொல்லக் கூடாது. ஆனால் விடிகாலையில் கரையில் நிற்கும் பெண்ணுக்கு இரண்டும் ஒரே கேள்வியின் இரு பாதிகள்: போனவர் திரும்புவாரா? சென்னைத் தொலைக்காட்சி கீழ்வரியில் ஓடவிடுவது ஓர் எண்ணிக்கை. யாருடைய படகு, எந்தத் துறையிலிருந்து போனது, யார் யார் என்பதெல்லாம் அதில் வராது. அதைச் சொல்லத் தகுதியுள்ள குரல் பத்து கிலோமீட்டருக்குள் இருந்தும் வாய் கட்டப்பட்டிருக்கிறது.

தனியார் தொலைக்காட்சிக்கும் நாளிதழுக்கும் கைப்பேசிக் காணொளிக்கும் இல்லாத இந்தத் தடை வானொலிக்கு மட்டும் ஏன் என்று காமன் காஸ் என்ற அமைப்பு 2013இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒன்றிய அரசு பாதுகாப்பைக் காரணம் காட்டி எதிர்த்தது. எல்லைப் பகுதியை எண்ணிப்பார்த்தால் அந்தக் கவலையை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. தவறான ஒரு வரி துறைமுகத்தைக் கொதிக்க வைக்கும். விசைப்படகு இழுவலைக்கும் நாட்டுப்படகுக்கும், இந்தக் கரை மீனவருக்கும் யாழ்ப்பாண மீனவருக்கும் இடையே ஏற்கெனவே புகைச்சல் உண்டு. ஆனால் அதே ஆபத்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் பல மடங்கு. அங்கே பேசுபவருக்குப் பெயரில்லை, பொறுப்பில்லை. சமுதாய வானொலியோ உள்துறை, பாதுகாப்பு அமைச்சகங்களின் பார்வைக்குப் போய் வந்து உரிமம் பெற்றது. நடத்துபவரின் வீடு எது என்று ஊருக்கே தெரியும். பொறுப்புள்ளவரின் வாயைக் கட்டி, பொறுப்பில்லாதவருக்குத் தெருவைத் திறந்துவிட்ட ஏற்பாடு இது. பாதுகாப்பு என்ற காரணமே இதை ஏற்கக் கூடாது என்பது என் வாதம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை போதும். 2024இல் திருத்திய விதிகள் மணிக்கு 12 நிமிடம் விளம்பரத்துக்கு இடம் தருகின்றன. அரசு விளம்பரத்துக்குப் பத்து வினாடிக்கு 74 ரூபாய். பாம்பனில் யார் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை வாங்குவார்கள் என்று விதிகள் கேட்கவில்லை.

8. முப்பது மீட்டர் கம்பம்

விதிப்படி சமுதாய வானொலியின் ஒலிபரப்பு வலு பொதுவாக 100 வாட். கம்பம் அதிகபட்சம் 30 மீட்டர். 30 மீட்டர் உயரத்திலிருந்து, நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே படகில் வைத்திருக்கும் பெட்டிக்குப் பண்பலையின் பார்வை ஏறத்தாழ 28 கிலோமீட்டர் நீளும். கணக்கு அப்படி; 100 வாட்டில் அதற்கு வெகு முன்பே குரல் மங்கிவிடும். கரையோரம் வலை போடும் நாட்டுப்படகுக்கு எட்டும். எல்லைக்கோட்டை ஒட்டி இழுக்கும் விசைப்படகுக்கு எட்டும் என்று சொல்ல முடியாது. எச்சரிக்கை யாருக்கு அதிகம் தேவையோ அவர் அதிகத் தொலைவில் இருக்கிறார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் வந்தபோது, ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கியிருந்தவர்களை எந்தச் சமுதாய வானொலியும் எட்டியிருக்காது. அங்கே செயற்கைக்கோள் கருவிதான் வழி.

படகுகளில் வி.எச்.எஃப். வானொலிக் கருவி இருக்கிறது; படகோடு படகு பேசிக்கொள்ளும். எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும் கைப்பேசிச் செயலியும் உண்டு. கடல் ஓசையையும் கைப்பேசியில் கேட்கலாம். ஆனால் கரையை விட்டு விலகினால் கைப்பேசிக்கு இந்தியக் கோபுரம் மங்கி, இலங்கை நிறுவனத்தின் வரவேற்புக் குறுஞ்செய்தி வந்து நிற்கும். பழைய கதைதான், வேறு கருவியில்.

விதிகளில் இன்னொன்று இருக்கிறது. ஒலிபரப்பியதை எல்லாம் மூன்று மாதம் பதிவாக வைத்திருக்க வேண்டும். அரசு கேட்டால் காட்டுவதற்கு. மூன்று மாதம் கழிந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. கச்சான் எந்த மாதம் திரும்பும் என்று ஒரு முதியவர் சொன்னதும், மரிக்கொழுந்துப் பாசி எந்தக் கடலடிப் பாரில் முன்பு அடர்ந்திருந்தது என்று ஒரு பெண் நினைவுகூர்ந்ததும் அந்தப் பதிவுகளுக்குள் இருக்கக்கூடும். வன்தட்டில் இடம் நிறைந்தால் பழையதை அழித்துத்தான் புதியதைப் போட வேண்டும்.